விதிவிலக்கு எந்த விதியை நிரூபிக்கும்?

கேள்வி: கோவையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இன்ஜினியராக இருக்கிறேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். ட்ரெய்னியாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் எங்கள் பிரிவுக்கு வர விருப்பம் சொன்னார்கள். மீட்டிங்கில் அந்தப் பேச்சு வந்தபோது மேனேஜர், "லேடீஸுக்கு மெயின்டனன்ஸ் செட் ஆகாது" என்றார். "நான் இருக்கேனே சார்" என்றேன். "நீங்க எக்ஸெப்ஷன்மா. எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்னு கேள்விப்பட்டதில்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்துபோனது. எனக்குப் பதில் வரவில்லை. ஒரு விதிக்கு எதிரான உதாரணம் அந்த விதியையே எப்படி நிரூபிக்கும்? அண்ணனிடம் கேட்டால், "அங்கே ப்ரூவ் என்றால் நிரூபிப்பது இல்லை, சோதித்துப் பார்ப்பது" என்கிறார். எது சரி? இந்த வாசகம் எங்கிருந்து வந்தது? இனி யாராவது இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது?
வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. ஒரு பொதுக்கருத்துக்கு எதிரான உதாரணம் கண்முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அந்த உதாரணத்தாலேயே கருத்துக்குப் பலம் கூடும் என்று எந்தத் தர்க்கமும் சொல்வதில்லை. ஆனால் உங்கள் மேனேஜர் சொன்ன வாசகம் வெறும் பேச்சுக்குப் பிறந்ததும் அல்ல. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அது பிறந்த இடம் நீதிமன்றம். மனிதர்கள் எழுதிவைத்த விதிகளுக்குப் பொருள்கொள்ள வக்கீல்கள் கையாண்ட வாதம் அது. பெண்கள் எப்படி, ஆண்கள் எப்படி, இந்த ஊர்க்காரர்கள் எப்படி என்று தீர்ப்புச் சொல்ல அது உதவாது. தொழிலாளர் வழக்குகளை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. முறையாகப் பயன்படுத்தினால் அந்த வாசகம் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நேர்ப்பொருள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போர்டு: "ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை." திங்கள் முதல் சனி வரை அனுமதி உண்டு என்று அந்தப் போர்டில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. எல்லா நாளும் அனுமதி கிடையாது என்றால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பிரித்து எழுதவேண்டிய தேவையே இல்லையே. எழுதிய விலக்கை வைத்து எழுதாத விதியைத் தெரிந்துகொள்கிறோம். "விலக்கு விதியை நிரூபிக்கிறது" என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். ஆங்கில நடையைப் பற்றி 1926-இல் புகழ்பெற்ற அகராதி ஒன்றை வெளியிட்ட ஃபவுலர், இதை விளக்க ராணுவ முகாமிலிருந்து உதாரணம் எடுத்தார். இன்றிரவு 11 மணி வரை வீரர்கள் வெளியே இருக்கச் சிறப்பு அனுமதி என்று ஓர் அறிவிப்பு. மற்ற இரவுகளில் அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்று ஒரு விதி இருப்பது அந்த அறிவிப்பிலிருந்தே வெளிப்பட்டுவிடுகிறது. இதுதான் மூலப்பொருள் என்றும், மற்ற பிரயோகங்கள் இதிலிருந்து வழுவியவை என்றும் ஃபவுலர் பிரித்துக் காட்டினார்.

இப்போது வரலாறு. கி.மு. 56, ரோம். லூசியஸ் கொர்னேலியஸ் பால்பஸ் என்பவர்மீது ஒரு வழக்கு. ஸ்பெயினின் தென்கரையில் இன்று காடிஸ் என்று அழைக்கப்படும் காடெஸ் துறைமுக நகரம் அவருடைய சொந்த ஊர். ஸ்பெயினில் நடந்த போரில் ரோமானியப் படைகளோடு நின்றவர். அதற்காகத் தளபதி பாம்பே அவருக்கு ரோமானியக் குடியுரிமை கொடுத்திருந்தார். பின்னாளில் ஜூலியஸ் சீசருக்கும் அவர் நெருக்கமானார். பெரிய மனிதர்களை நேரடியாகத் தொட முடியாதவர்கள், அவர்கள் நிழலில் நிற்பவரைப் பிடித்தார்கள். பால்பஸுக்குக் கொடுத்த குடியுரிமை செல்லாது என்பது குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்தவர், முன்பு அதே காடெஸ் ஊர்க் குடிமகனாக இருந்தவர். பால்பஸ் தரப்பில் பாம்பே பேசினார், ரோமின் பெரும் அரசியல்வாதி கிராசஸ் பேசினார், கடைசியாக அந்நாளின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சிசரோ எழுந்தார்.

எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டக்கூடிய ஆதாரம் ஒன்று இருந்தது. ரோம் தன்னைச் சுற்றியிருந்த பல இனக்குழுக்களோடு உடன்படிக்கை செய்திருந்தது. செனோமானி, இன்சுப்ரெஸ், ஹெல்வெட்டி, யாப்பிடெஸ் ஆகியோருடனும் இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் (Gaul) நாட்டின் வேறு சிலருடனும் செய்த உடன்படிக்கைகளில், அவர்களில் யாரையும் ரோம் தன் குடிமகனாக ஏற்கக் கூடாது என்று ஒரு விலக்கு எழுதப்பட்டிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பால்பஸுக்குப் பாதகமானது: வெளியாருக்குக் குடியுரிமை தரக் கூடாது என்று ரோமே பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறதே!

சிசரோ அதே காகிதத்தை எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பினார். விலக்கு எழுதியதால்தான் அங்கே கொடுக்க முடியாமல் போகிறது என்றால், விலக்கு எழுதாத இடத்தில் கொடுக்கலாம் என்றுதானே ஆகிறது? காடெஸ் உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். அந்த நான்கைந்து உடன்படிக்கைகளில் தடையைத் தனியாக எழுத வேண்டியிருந்தது என்றாலே, பொதுவிதி அனுமதிதான். தடை விலக்கு. எதிராளியின் ஆதாரத்தையே தன் ஆதாரமாக்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை. பால்பஸ் விடுதலையானார். கி.மு. 40-இல் அவர் ரோமின் உச்ச ஆட்சிப் பதவியான கான்சல் பதவிக்கே வந்தார். அந்நிய மண்ணில் பிறந்து அந்தப் பதவியை அடைந்த முதல் மனிதர் அவர்.

சிசரோவின் இந்த வாதத்தைப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் ஒற்றை வாக்கியமாகச் சுருக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது வக்கீல்களின் வாய்ப்பாடம். லத்தீனில், "எக்ஸெப்டியோ ப்ரோபாட் ரெகுலாம் இன் காஸிபுஸ் நோன் எக்ஸெப்டிஸ்." விலக்கப்படாத நேர்வுகளில், அதாவது சந்தர்ப்பங்களில், விதி இருப்பதை விலக்கு நிரூபிக்கிறது என்று பொருள். அந்தப் பின்பாதியை நன்றாகக் கவனியுங்கள்: "விலக்கப்படாத நேர்வுகளில்." வாசகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீதிமன்றத்தை விட்டுத் தெருவுக்கு வந்தபோது வாசகத்திலிருந்து அந்தப் பின்பாதி கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சிய முன்பாதிதான் உங்கள் மீட்டிங் ஹாலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த விதி, யார் போட்டது, எந்த நேர்வில் என்ற கேள்விகள் எல்லாம் போய், எந்தக் கருத்துக்கும் முட்டுக்கொடுக்கலாம் என்ற நிலைக்கு அது இறங்கிவிட்டது.

உங்கள் அண்ணன் சொன்ன விளக்கத்துக்கு வருகிறேன். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்த வினைக்குச் சோதித்தல் என்ற பழைய பொருளும் உண்மையிலேயே உண்டு. அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது என்கிறோமே, அது அந்தக் குடும்பத்துச் சொல்தான். அமெரிக்க எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் நூறு ஆண்டுக்கு முன்பே, லத்தீன் வாசகத்துக்கு விலக்கு விதியைச் சோதிக்கிறது என்பதுதான் பொருள் என்று அடித்துச் சொன்னார். இன்றுவரை பலர் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். கேட்கவும் அறிவியல்பூர்வமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பின்பாதியைச் சேர்த்துவைத்துப் படித்தால் அது நிற்காது. ஞாயிற்றுக்கிழமை என்ற விலக்கு, தான் சம்பந்தப்படாத செவ்வாய்க்கிழமையில் எப்படி விதியைச் சோதிக்கும்? விலக்கப்படாத நேர்வுகளில் விதி இருக்கிறது என்பதற்கு ஆதாரமாக நிற்கத்தான் அதனால் முடியும். ஆகவே வரலாற்றுப்படி அண்ணன் சொன்னது பொருந்தவில்லை. அவருடைய உள்ளுணர்வு மட்டும் சரி. எதிர் உதாரணம் ஒரு கருத்துக்கு வலுச் சேர்க்க முடியாது என்றுதான் அவரும் நினைக்கிறார். ஷெர்லாக் ஹோம்ஸும் 1890-இல் வெளிவந்த "த சைன் ஆஃப் ஃபோர்" கதையில், தான் விதிவிலக்கே வைத்துக்கொள்வதில்லை என்றும், விதிவிலக்கு விதியைப் பொய்யாக்கிவிடும் என்றும் வாட்சனிடம் சொல்கிறார்.

இரண்டு வகை "விதி" இருப்பதை மறந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். ஒன்று மனிதர்கள் போட்ட விதி: சட்டம், ஒப்பந்தம், கம்பெனியின் பணிவிதிகளான ஸ்டாண்டிங் ஆர்டர், ஆஸ்பத்திரி போர்டு. இன்னொன்று உலகத்தைப் பார்த்து நாம் சொல்லும் கருத்து: இந்த உலோகம் இத்தனை டிகிரியில் உருகும், இந்த பேரிங் இத்தனை மணிநேரம் தாங்கும், பெண்களுக்கு மெயின்டனன்ஸ் வராது. முதல் வகையில் விலக்கு எழுதியவர் விதியை மனதில் வைத்துத்தான் எழுதினார். அதனால் விலக்கு சாட்சியாகிறது. இரண்டாம் வகையில் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. அங்கே எதிர் உதாரணம் வந்து நின்றால், கருத்தைத் திருத்திக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

இதை நான் என் பொறுப்பில் சொல்வதைவிட ஃபிரான்சிஸ் பேக்கனைச் சாட்சிக்கு அழைப்பது நல்லது. இங்கிலாந்தின் உயர் நீதிப் பதவியான லார்டு சான்ஸலர் பதவியில் இருந்தவர், சட்டத்தில் கரைகண்டவர். 1623-இல் வெளியிட்ட லத்தீன் நூலில் சட்டத்துக்குப் பொருள்கொள்ளும் முறையைப் பற்றிப் பேசும்போது, விலக்கப்படாத நேர்வுகளில் சட்டத்தின் வலிமையை விலக்கு உறுதிப்படுத்துகிறது, பட்டியலிடுவதோ பட்டியலில் வராத நேர்வுகளில் அதைப் பலவீனப்படுத்துகிறது என்று எழுதினார். நம் வாசகத்தின் கருத்து அப்படியே இருக்கிறது, பாருங்கள். அதே பேக்கன், மூன்று ஆண்டுக்கு முன்பு 1620-இல், இயற்கையை ஆராயும் முறையைப் பற்றி "நோவும் ஆர்கனும்" எழுதியபோது நேர்மாறாகச் சொன்னார். ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்ட மனித மனம் மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஆதரவாக இழுத்துக்கொள்ளும், எதிரான உதாரணம் வந்தால் அலட்சியப்படுத்தும் அல்லது ஏதாவது பேதம் சொல்லி ஒதுக்கிவிடும், ஆனால் உண்மையைக் கண்டறிவதில் இரண்டில் எதிரான உதாரணத்துக்குத்தான் பலம் அதிகம் என்றார். சட்டத்தில் விலக்கு சாட்சி. உலகத்தை அறிவதில் விலக்கு மறுப்பு. ஒரே மனிதர் இரண்டையும் சொன்னார், முரண்படாமல் சொன்னார். இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த இடத்தில் பேக்கன் ஒரு பழங்கதையையும் சொல்கிறார். கோயில் ஒன்றில், கடலில் புயலில் சிக்கி வேண்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்களாம். அதை ஒருவரிடம் காட்டி, இப்போதாவது தெய்வங்களின் சக்தியை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். அவர் திருப்பிக் கேட்டார்: "வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே?" பக்தியைப் பற்றிய வழக்காக இதைப் படிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையைப் பற்றிய வழக்கு இது. கண்ணில் படுகிறவர்களை மட்டும் எண்ணி முடிவு சொன்னால், படாமல் போனவர்களின் கணக்கு யாரிடமும் இருக்காது.

உங்கள் மேனேஜர் விஷயத்தில் இந்தக் கதை வேறொரு பக்கமாகப் பொருந்துகிறது. அவர் சொன்னதை நல்லெண்ணத்தோடே எடுத்துக்கொள்வோம். "நீங்கள் தனியாகத் தெரிகிறீர்கள், தனியாகத் தெரிகிறீர்கள் என்பதே மற்ற பெண்கள் அப்படி இல்லை என்று காட்டுகிறது" என்று அவர் சொல்ல வந்திருக்கலாம். இந்த வாசகத்துக்கு அன்றாடப் பேச்சில் அப்படி ஒரு தளர்ந்த பொருளும் வந்துவிட்டது. அபூர்வமானதுதான் கண்ணை ஈர்க்கும் என்பது உண்மை. ஆனால் ஏன் அபூர்வம்? ஐம்பது பெண்களை மெயின்டனன்ஸில் போட்டு, நாற்பத்தொன்பது பேர் முடியாமல் போய், நீங்கள் ஒருவர் மட்டும் நின்றிருந்தால் அவருடைய முடிவைப் பற்றிப் பேசலாம். அந்தப் பிரிவுக்குப் பெண்களை எடுத்ததே இல்லை, எடுத்த ஒருத்தி தாக்குப்பிடித்திருக்கிறாள் என்றால், இருக்கிற சான்று முழுவதும் உங்கள் பக்கம்தான். அனுப்பாதவர்களின் படம் எந்தச் சுவரிலும் தொங்காது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இந்த வாசகத்தைச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பது அங்கே தெரியும். அதுவும் உங்கள் தொழிலிலேயே.

நம் ஆலைகளைப் பல பத்தாண்டுகள் ஆண்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22-ஆவது பிரிவு ஓடும் இயந்திரங்களைப் பற்றியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், தனிப்பயிற்சி பெற்ற, வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர், உடலோடு ஒட்டிய உடை அணிந்து, பதிவேட்டில் பெயர் ஏறியவராக இருந்து அதைச் செய்ய வேண்டும் என்றது அதன் முதல் உட்பிரிவு. அந்த உடையையும் நிர்வாகமே கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது உட்பிரிவு, இயந்திரத்தை இயக்கும் மோட்டார் அல்லது என்ஜின், விசையைக் கடத்தும் ஷாஃப்ட், பெல்ட் வகையறா ஓடிக்கொண்டிருக்கும்போது, பெண்களும் இளம்வயதினரும் அவற்றைத் துடைக்கவோ, எண்ணெய் போடவோ, சரிசெய்யவோ கூடாது என்றது. மற்ற இயந்திரங்களிலும், ஓடும் பாகத்தால் காயம்பட வாய்ப்பிருந்தால் அதே தடை.

மெயின்டனன்ஸ் பெண்களுக்கு ஆகாது என்பவர்கள் இந்தப் பிரிவைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள். சிசரோ செய்ததை இங்கே செய்து பாருங்கள். "ஓடிக்கொண்டிருக்கும்போது" கூடாது என்று தடையைத் தனியாக எழுத வேண்டியிருந்தது என்றால், நிறுத்திய இயந்திரத்தில் தடை இல்லை என்றுதானே ஆகிறது? பெண்களுக்குப் பராமரிப்பு வேலையே கூடாது என்பது சட்டத்தின் எண்ணமாக இருந்திருந்தால், ஓடும் இயந்திரத்தைப் பற்றித் தனியாகப் பேசவேண்டிய அவசியமே இல்லை. மெயின்டனன்ஸ் வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை அணைத்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கையே உள்ளே போகும். லாக் அவுட் டேக் அவுட் முறையாக நடக்கும் ஆலையில் வேலையின் பெரும்பகுதி நின்றுபோன இயந்திரத்தில்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் உட்பிரிவு பயிற்சி பெறாத ஆணையும் ஓடும் இயந்திரத்தின் பக்கம் விடவில்லை. சட்டத்தின் பயம் சுழலும் ஷாஃப்டைப் பற்றியது.

அதே சட்டத்தின் 66-ஆவது பிரிவு இன்னொரு பாடம். காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை தவிர வேறு நேரத்தில் பெண்களைத் தொழிற்சாலையில் வேலைவாங்கக் கூடாது என்றது முதல் உட்பிரிவு. இரண்டாவது உட்பிரிவில் மீன் வருகிறது. மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் ஆலைகளிலும் டப்பாவில் அடைக்கும் ஆலைகளிலும், மூலப்பொருள் கெட்டுப்போகாமல் இருக்கத் தேவைப்பட்டால், பெண்களுக்கு அந்த நேரக் கட்டுப்பாட்டிலிருந்து மாநில அரசு விலக்குத் தரலாம் என்றது அது. முதல் உட்பிரிவைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த மீன் விலக்கை மட்டும் ஒருவர் கையில் கொடுங்கள். மற்ற ஆலைகளில் இரவில் பெண்கள் வேலை செய்யத் தடை இருந்திருக்கிறது என்று அவர் உடனே சொல்லிவிடுவார். விலக்கு விதியை நிரூபிப்பது என்றால் இதுதான், இவ்வளவு துல்லியமாக.

ஆனால் விலக்கு எதை நிரூபித்தது? அப்படி ஒரு விதி இருந்தது என்பதை மட்டுமே. அந்த விதி சரியானதா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அந்தக் கேள்வி 2000-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பெண்களுக்கான அந்த இரவுத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இரவு வேலைக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 43-ஆவது பிரிவு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைக்கும் பெண்களுக்கு உரிமை உண்டு என்றும், அவர்கள் சம்மதத்தோடு, பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, காலை 6-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் வேலை செய்யலாம் என்றும் சொல்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியை நீங்களும் பயன்படுத்தப் போகிறீர்கள். சொன்னதை வைத்துச் சொல்லாததை ஊகிக்கும் வாதம் எப்போதும் தப்பாமல் பலிக்காது. சில சமயம் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகவே, தேவையில்லாவிட்டாலும் ஒரு விலக்கை எழுதி வைப்பார்கள். சில சமயம் எழுதியவருக்கு மற்ற நேர்வுகள் ஞாபகத்துக்கே வந்திருக்காது. இதன் உடன்பிறப்பான இன்னொரு வாய்ப்பாடம், ஒன்றைச் சொல்வது மற்றதை விலக்குவதாகும் என்பது. அதைப் பற்றி 1888-இல் இங்கிலாந்து நீதிபதி லோப்ஸ், அது நல்ல வேலைக்காரன், ஆனால் ஆபத்தான எஜமான் என்றார். நம் நீதிமன்றங்களும் அந்த வரியை அடிக்கடி எடுத்தாள்கின்றன. ஆகவே ஒரு பிரிவை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு வாதாடாமல், முழு விதியையும் அது எதற்காக வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 22-ஆவது பிரிவில் அந்த ஊகம் நிற்பதற்குக் காரணம், பிரிவு முழுவதும் ஓடும் இயந்திரத்தைப் பற்றியே பேசுவதுதான்.

இனி, என்ன பதில் சொல்வது. கூட்டத்தில் லத்தீன் பேசத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "சார், எக்ஸெப்ஷன்னு சொன்னீங்க. அப்போ ரூல் எங்க எழுதியிருக்கு, யாரு போட்டது?" கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் குரலில் கேளுங்கள். அவருக்கு இரண்டே வழி. அப்படி எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது என்றால், வாசகம் பொருந்தவில்லை. அவர் சொன்னது ஒரு கருத்து, அதற்கு எதிரான உதாரணம் நீங்கள். கம்பெனியில் அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது என்றால், அது அவருக்கு இன்னும் சங்கடம். வேலைக்கு எடுப்பதிலும், எடுத்த பிறகு பயிற்சி, பதவி உயர்வு, இடமாற்றம் போன்றவற்றிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொன்னது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆவது பிரிவும் வேலைக்கு எடுப்பதிலும் வேலை நிபந்தனைகளிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. இரண்டிலும் ஒரே விலக்குத்தான்: பெண்களை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டமே தடுத்திருந்தால் அல்லது கட்டுப்படுத்தியிருந்தால். மேனேஜரின் அபிப்பிராயம் அந்த விலக்கில் வராது. இங்கேயும் சிசரோவின் வாதத்தைப் போட்டுப் பாருங்கள். சட்டம் தடுத்த இடம் விலக்கு என்றால், தடுக்காத இடத்தில் பாகுபாடு கூடாது.

மேனேஜரை மடக்குவது உங்கள் நோக்கம் இல்லை என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. அந்த இரண்டு பெண்களுக்கு வாய்ப்புக் கிடைக்க வேண்டும், அதுதான் முக்கியம். எனவே பேச்சை "பெண்கள்" என்ற பொதுவிலிருந்து அந்த இருவர் பக்கம் திருப்புங்கள். மெயின்டனன்ஸுக்கு என்ன தகுதி வேண்டும், என்ன பயிற்சி, எத்தனை மாத மதிப்பீடு என்று பட்டியல் கேளுங்கள். ஆண் ட்ரெய்னிகளை எந்த அளவுகோலில் பார்க்கிறார்களோ அதே அளவுகோலில் இவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஷிஃப்ட் நேரம், போக்குவரத்து, ஓய்வறை என்று உண்மையான தடைகள் இருந்தால் அவற்றைத் தனித்தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவை தீர்க்கக்கூடியவை, "செட் ஆகாது" என்ற வார்த்தைக்குத்தான் தீர்வே இல்லை. மறுத்தால் காரணத்தை மீட்டிங் மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். வாயால் எளிதாக வருகிற காரணம் பல சமயம் பேனாவால் வராது.

அதற்கு முன்னால், அந்த இருவரும் தங்கள் விருப்பத்தை எழுத்தில் ஹெச்.ஆரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் சரி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைப் பத்திரப்படுத்தி வைக்கட்டும். பிறகு தேவைப்பட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்